ஓட்டத்துக்கும் ஜிம்முக்கும் ஹார்ட் ரேட் மானிட்டர்: ஐயாயிரத்துக்குள் எதை வாங்குவது?

பெருந்துறையில் இருந்து வந்த கேள்வி இது. வயது 41. வாரத்தில் மூன்று நாள் காலையில் கீழ்பவானி வாய்க்கால் கரையில் ஓட்டம், இரண்டு நாள் ஜிம், ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் சென்னிமலை. கையில் இருப்பது இரண்டாயிரம் ரூபாய் ஃபிட்னஸ் பேண்ட். பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்திலும் அது 168, 170 என்று காட்டுகிறது. ஜிம்மில் மூச்சு வாங்க எடை தூக்கும்போதோ 85-க்கு இறங்கிவிடுகிறது. கோளாறு இதயத்திலா, பேண்டிலா? ஐயாயிரத்துக்குள் நல்ல வாட்ச் எது?

வாட்ச் வேண்டாம். அந்த விலையில் இன்னொரு வாட்ச் வாங்கினால் இதே தொல்லை புதுத் திரையில் தொடரும். அதே பணத்துக்கு நெஞ்சில் கட்டும் செஸ்ட் ஸ்ட்ராப் ஒன்றை வாங்குங்கள். பழைய பேண்ட் மணி பார்க்கவும் தூக்கத்தைக் கணக்கிடவும் கையிலேயே இருக்கட்டும்.

முதலில் அந்த 168. பேண்டின் அடியில் பச்சை விளக்கு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கு அடியில் ரத்தம் கூடிக் குறையும். அதற்கேற்பத் திரும்பி வரும் ஒளியும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் பேண்ட் பல்ஸ் சொல்கிறது. உட்கார்ந்திருக்கும்போது இது நன்றாகவே வேலை செய்யும். ஓடும்போது கை வீசுகிறது, பேண்ட் குலுங்குகிறது, காலடி விழும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டில் ரத்தமும் அதிர்கிறது. பெரும்பாலோர் ஓட்டத்தில் நிமிடத்துக்கு 160 முதல் 180 வரை காலடி வைக்கிறார்கள். கடுமையான ஓட்டத்தில் இதயம் துடிக்கும் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பேண்டின் மென்பொருள் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியைப் பிடித்துக்கொள்கிறது.

உங்களுக்கு நடப்பது இதுதானா என்று நாளைக் காலையே பார்த்துவிடலாம். அதே மெதுவான ஓட்டத்தில் வலது கால் தரையில் படுவதை 30 நொடி எண்ணுங்கள். அதை நான்கால் பெருக்கினால் நிமிடத்துக்கான மொத்தக் காலடி. 42 வந்தால் 168. பேண்டும் 168 காட்டினால் அது உங்கள் செருப்புச் சத்தத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. சட்டென்று நின்று, கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து உடனே 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நின்றதும் துடிப்பு வேகமாக இறங்கத் தொடங்கும் என்பதால் 15 நொடிக்கு மேல் எண்ண வேண்டாம். கையால் எண்ணியது 136, பேண்டில் 168 என்றால் பதில் கிடைத்துவிட்டது.

ஜிம்மில் 85-க்கு இறங்குவதற்குக் காரணம் வேறு. கம்பியை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டின் தசைநாண்கள் புடைத்து, பேண்டுக்கும் தோலுக்கும் நடுவில் இடைவெளி விழும். பிடியின் அழுத்தத்தில் அந்த இடத்து ரத்த ஓட்டமும் மாறும். சைக்கிளில் ஹேண்டில்பாரை அழுத்தி மணிக்கட்டு மடங்கி இருப்பதும், சாலைக் குலுக்கலும் இதே வேலையைச் செய்யும். மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரி ஏறி இறங்குகிறவர்களுக்கு இறக்கத்தில் குளிர் காற்று பட்டுக் கைத்தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். அப்போது பேண்ட் எண்ணே காட்டாமல் கோடு போட்டுக்கொண்டு நிற்கும். சிலம்பம் சுற்றுகிறவர்கள் மணிக்கட்டுக் கருவியை நம்பவே கூடாது.

கருந்தோலில் பச்சை ஒளி சரியாக வேலை செய்யாது என்ற பேச்சும் அடிக்கடி வருகிறது. கருமை நிறமி பச்சை ஒளியை உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனாலும் டியூக் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கருவிக்குக் கருவி வேறுபாடு இருந்தது, ஓய்வில் இருப்பதைவிட அசைவின்போது பிழை கூடியது. நம்மூர்த் தோல் நிறத்தை எண்ணிக் கவலைப்பட வேண்டியதில்லை. அசைவைத்தான் பார்க்க வேண்டும். பச்சை குத்திய இடத்தில் மட்டும் கட்டாதீர்கள். அந்த மை ஒளியை மறித்துவிடும்.

வாட்ச்தான் வேண்டும் என்று நிற்பவர்கள் மணிக்கட்டு எலும்பில் இருந்து இரண்டு விரல் மேலே தள்ளி, பயிற்சி நேரத்துக்கு மட்டும் ஒரு துளை கூடுதலாக இறுக்கிக் கட்டுங்கள். புறப்படும் முன் ஐந்து நிமிடம் வேக நடை நடந்து கை சூடேறட்டும். பிழை இதிலேயே ஓரளவு குறையும். ஒரே வேகத்தில் போகும் நீண்ட நடைக்கும் மெது ஓட்டத்துக்கும் இது போதும். கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் நடைபாதையைத் தினமும் சுற்றி வருகிறவருக்கு வேறெதுவும் தேவையில்லை. ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெது என்று மாற்றி மாற்றி ஓடும் இன்டர்வெல் பயிற்சிக்குத்தான் போதாது. இதயம் ஏறிப் பத்து, இருபது நொடி கழித்துத்தான் மணிக்கட்டு எண் ஏறும். அதற்குள் வேகச் சுற்றே பாதி முடிந்திருக்கும்.

செஸ்ட் ஸ்ட்ராப் ஒளியை நம்பியிருக்கவில்லை. இதயம் சுருங்கும்போது எழும் மின்சாரத்தை மார்புத் தோலில் படும் இரண்டு மின்முனைகள் வழியாக நேராக எடுக்கிறது. மருத்துவமனையில் எடுக்கும் ஈசிஜியின் அதே அடிப்படைதான். ஃபின்லாந்தில் 1977-இல் தொடங்கிய போலார் நிறுவனம் 1982-இல் கம்பியில்லாத மானிட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இத்தனை ஆண்டு கழித்தும் பயிற்சிக் கருவிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் இதைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள்.

நெஞ்சில் எதையும் கட்டிக்கொள்ளப் பிடிக்காதவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு: முழங்கைக்குக் கீழே தசைப்பிடிப்பான இடத்திலோ மேல்கையிலோ கட்டும் ஆர்ம்பேண்ட். போலார் வெரிட்டி சென்ஸ், கூஸ்போ போன்றவை. இதுவும் பச்சை ஒளிதான். ஆனால் அந்த இடத்தில் சதை அதிகம், எலும்பும் நாணும் குறைவு, குலுக்கலும் குறைவு. சைக்கிளுக்கு நன்றாக இருக்கும். உள்ளாடைப் பட்டையோடு ஸ்ட்ராப் உரசித் தொல்லை கொடுக்கும் பெண்களுக்கு இதையே சொல்வேன். இதில் இருப்பது சார்ஜ் ஏற்றும் பேட்டரி என்பதால் வாரம் ஒருமுறை ஞாபகமாகச் சார்ஜ் போட வேண்டும்.

இப்போது வாங்குவது. ஐயாயிரத்துக்குள் கூஸ்போ, மஜீன் போன்றவற்றின் செஸ்ட் ஸ்ட்ராப்புகள் கிடைக்கின்றன. போலார் எச்9 அதைத் தாண்டும், எச்10 அதற்கும் மேலே. துடிப்பை எண்ணும் வேலையில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. கூடுதல் பணம் போவது நழுவாமல் பிடிக்கும் பட்டைக்கும், பல ஆண்டு உழைக்கும் தன்மைக்கும். எச்10-இல் மேலும் இரண்டு வசதி உண்டு: ஒரே நேரத்தில் இரண்டு புளூடூத் கருவிகளோடு பேசும், ஒரு பயிற்சியைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைப்பட்ட நேரத்தை மில்லி நொடிக் கணக்கில் பார்த்து எச்ஆர்வி (அந்த இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு) ஆராய வேண்டும் என்றால் எச்10-க்குச் செலவு செய்யலாம். உங்கள் தேவைக்கு விலை குறைந்ததே போதும்.

எந்தக் கம்பெனி என்றாலும் பெட்டியில் நான்கு விஷயம் பாருங்கள். புளூடூத், ஏஎன்டி பிளஸ் (புளூடூத் போலவே இன்னொரு கம்பியில்லா இணைப்பு முறை) இரண்டும் இருக்க வேண்டும். போனுக்குப் புளூடூத், சைக்கிள் கணினிக்கும் சில டிரெட்மில்லுக்கும் ஏஎன்டி பிளஸ். ஏஎன்டி பிளஸ்ஸில் எத்தனை கருவி வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் கேட்கலாம். பேட்டரி நாமே மாற்றக்கூடிய காசு வடிவப் பேட்டரியாக இருக்கட்டும். பட்டையும், துடிப்பை எண்ணி அனுப்பும் மின்னணுப் பொத்தானும் தனித்தனியாகக் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். முதலில் கெடுவது பட்டைதான், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பல கம்பெனிகளின் பட்டைகளில் அதை மாட்டும் உலோக அழுத்துப் பொத்தான்களின் இடைவெளி ஒன்றுபோலவே இருக்கும். இருந்தாலும் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். நான்காவது, மார்புச் சுற்றளவு. டெய்லர் டேப்பால் மார்புத் தசைக்குச் சற்றுக் கீழே அளந்து, பெட்டியில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். நைந்துபோகும் அளவுக்கு இழுத்துக் கட்டிய பட்டை ஆறு மாதம்கூடத் தாங்காது.

உங்கள் பேண்ட் விலையில் உள்ளவை பெரும்பாலும் வெளி ஸ்ட்ராப்பின் எண்ணை வாங்கிக் காட்டாது. எண் போனில்தான் தெரியும். ஸ்ட்ராவா போன்ற செயலியில் ஸ்ட்ராப்பை இணைக்கலாம். பல்ஸை இயர்போனில் குரலாகச் சொல்லும் செயலிகளும் உண்டு, ஓட்டத்துக்கு அது மிகவும் உதவும். சைக்கிளுக்கு ஐஜிபிஎஸ்போர்ட், மஜீன் மாதிரியான சிறிய சைக்கிள் கணினியைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம். அவசரமில்லை.

இணைக்கும்போது பலர் தடுமாறுவது ஓரிடத்தில். போனின் புளூடூத் செட்டிங்ஸில் போய் ஸ்ட்ராப்பைத் தேடி இணைக்காதீர்கள். செயலிக்கு உள்ளே போய்த்தான் இணைக்க வேண்டும். செட்டிங்ஸில் இணைத்துவிட்டால் சில போன்கள் இணைப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு செயலிக்கு விடாது. ஏற்கெனவே வேறு போனோடு ஒட்டிக்கொண்ட ஸ்ட்ராப்பும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மின்முனையும் தோலில் பட்டால்தான் பொத்தான் விழிக்கும் என்பதால், மேசையில் வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. கட்டிக்கொண்டு தேடுங்கள். போனைச் சைக்கிள் ஜெர்சியின் முதுகுப் பையில் போட்டால் எண் விட்டுவிட்டு வரும். உடம்பு பெரும்பகுதி நீர், நீர் புளூடூத் அலையை விழுங்கிவிடும். பொத்தான் முன்னால், போன் பின்னால் என்றால் நடுவில் நீங்களே சுவர். போனைக் கைப்பட்டையிலோ ஹேண்டில்பாரிலோ வையுங்கள்.

அடுத்ததுதான் ஸ்ட்ராப் வாங்கிய பத்துப் பேரில் பாதிப் பேரைச் சலிப்படைய வைக்கும் விஷயம்: முதல் பத்து நிமிடம் 210, 40, 190 என்று எண் தாறுமாறாகப் போகும், அப்புறம் தானாகச் சரியாகிவிடும். கருவி பழுது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். காரணம் காய்ந்த தோல். மின்முனைக்கும் தோலுக்கும் நடுவில் ஈரம் இல்லாமல் அந்தச் சிறு மின்சாரம் கடக்காது. வியர்த்த பிறகு அதுவே ஈரமாகிவிடுவதால் எண் சரியாகிறது. கட்டுவதற்கு முன்பே மின்முனைகளை நன்றாக நனைத்துவிடுங்கள், சும்மா தொட்டு வைத்தால் போதாது. ஆர்ஓ தண்ணீரைவிட உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீரே இதற்கு நல்லது. உப்பு இருந்தால்தான் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஈசிஜி ஜெல் இரண்டு சொட்டு தடவினால் இன்னும் நிற்கும். மார்பில் முடி அடர்ந்தவர்களுக்கும், மாசி பங்குனியில் காற்று காய்ந்து கிடக்கும் காலத்திலும் ஜெல்தான் சரி.

பட்டையின் நடுப்பகுதி மார்புத் தசைக்குச் சற்றுக் கீழே, நெஞ்செலும்பின் மேல் இருக்க வேண்டும். எழுத்து நேராகத் தெரிய வேண்டும், தலைகீழாகக் கட்டக் கூடாது. ஆழ மூச்சு இழுத்தால் உறுத்தாமல், குதித்தால் கீழே இறங்காமல் இருக்கும் இறுக்கம் சரி. முன்னால் கட்டிச் சரியாக வராத சிலருக்குப் பொத்தானை இடது பக்கம் சற்று நகர்த்தினால் நன்றாக எடுக்கும்.

ஈரமாகக் கட்டியும் ஆரம்பத்தில் 220 வரை துள்ளினால் மேல்சட்டையைச் சந்தேகப்படுங்கள். திருப்பூரில் இருந்து வரும் பாலியஸ்டர் டிரைஃபிட் பனியன்கள் வியர்வையை நன்றாக வெளியேற்றும். அதே துணி காய்ந்த காற்றில் பட்டையின் மேல் படபடத்து உரசும்போது நிலை மின்சாரம் உண்டாகும்; அதை ஸ்ட்ராப் துடிப்பென்று எண்ணிவிடும். ஆடிக் காற்றில் பல்லடம், தாராபுரம் பக்கம் எதிர்க்காற்றில் சைக்கிள் ஓட்டினால் தொளதொள சட்டை இடைவிடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். உடம்போடு ஒட்டும் சட்டை போடுங்கள், இல்லையென்றால் பருத்தி கலந்ததைப் போடுங்கள், அல்லது பட்டைக்கு மேல் வரும் துணியைப் புறப்படும் முன் தண்ணீர் தெளித்து நனைத்துவிடுங்கள்.

பயிற்சி முடிந்ததும் பொத்தானைப் பட்டையில் இருந்து கழற்றியே ஆக வேண்டும். ஈரப் பட்டையோடு விட்டுவிட்டால் இரண்டு முனைக்கும் நடுவில் ஈரமே தோல்போல் வேலை செய்து கருவியை விழித்தபடி வைத்திருக்கும், பேட்டரி தீரும். போலார் எச்10 பேட்டரி 400 மணி நேரம் ஓடும் என்கிறது கம்பெனி. இப்படி மாட்டியே போட்டால் சில வாரத்திலேயே தீர்ந்துவிடும். அழுத்துப் பொத்தான்களின் உலோகமும் வியர்வை உப்பில் பச்சை பூத்து அரிக்கும்.

பட்டையை ஒவ்வொரு முறையும் தண்ணீரில் அலசுங்கள். வாரம் ஒருமுறை மென்மையான சோப்புத் தண்ணீரில் கையால் கசக்கிக் கழுவினால் போதும். கடைசி அலசலுக்கு மட்டும் குடிதண்ணீர். கட்டும்போது உதவிய அதே போர்த் தண்ணீர் காயும்போது மின்முனையில் வெள்ளைப் படலம் விட்டுவிடும், நாளடைவில் அது தொடர்பைக் கெடுக்கும். துணிக்கு மணமூட்டும் கண்டிஷனர், பிளீச், இஸ்திரி மூன்றும் ஆகாது. மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் காயப்போடாதீர்கள், ரப்பர் வெடித்து இழுவிசை போய்விடும். வீட்டுக்குள் கொடியில் நிழலில் தொங்கவிடுங்கள். இவ்வளவு பார்த்துக்கொண்டாலும் வாரம் ஐந்து நாள் பயன்படுத்தும் பட்டை ஓரிரண்டு ஆண்டுதான் வரும்.

நன்றாக நனைத்தும், சட்டை மாற்றியும், பட்டை புதிதாக இருந்தும் எண் விட்டுவிட்டு வந்தால் பேட்டரியைப் பாருங்கள். போலாரில் சிஆர்2025, கூஸ்போ போன்ற பலவற்றில் சிஆர்2032. இரண்டும் 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட், முதலாவது 2.5 மில்லிமீட்டர் தடிமன், இரண்டாவது 3.2. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் திணித்தால் மூடி சரியாக உட்காராது, வியர்வை உள்ளே போகும். மல்டிமீட்டரில் 2.8 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். பழையதை எடுத்ததும் ஒரு நிமிடம் விட்டுப் புதியதைப் போடுங்கள். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் முறுக்கிக்கொள்ளாமல் அதன் பள்ளத்தில் படிந்திருக்கிறதா என்று பார்த்தே மூடுங்கள். கழற்றிய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள். விழுங்கிவிட்டால் உணவுக்குழாயை அரித்துவிடும். அப்படி நேர்ந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

எண் சரியாக வரத் தொடங்கியதும் அடுத்த குழப்பம், எந்த எண்ணில் ஓடுவது என்பது. பல செயலிகள் 220-இல் இருந்து வயதைக் கழித்து அதிகபட்சத் துடிப்பென்று வைத்துக்கொள்ளும். உங்களுக்கு 179. 2001-இல் வந்த டனாக்கா சூத்திரம், 208-இல் இருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது. அதிலும் உங்களுக்கு 179தான் வருகிறது. நாற்பதை ஒட்டி இரண்டும் ஒன்றாக இருக்கும். 25 வயதுக்கு 195, 190 என்றும் 60 வயதுக்கு 160, 166 என்றும் பிரியும். எந்தச் சூத்திரமும் சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடக் குறைய இருப்பது சாதாரணம்.

அதனால் காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே ஓய்வுத் துடிப்பை எண்ணி அதையும் கணக்கில் சேருங்கள். 62 என்று வைத்துக்கொள்வோம். 179-இல் 62 போக 117. அதில் 60 சதவீதம் 70, 70 சதவீதம் 82. இவற்றோடு 62-ஐக் கூட்டினால் 132 முதல் 144 வரை உங்கள் மெது ஓட்ட எல்லை. வாரத்தில் பெரும்பாலான ஓட்டம் இதற்குள் இருக்கட்டும். இந்த எண்ணில் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்றும் பாருங்கள். முடியவில்லை என்றால் எண்ணைவிட உங்கள் மூச்சை நம்பி வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல், மே மாதத்தில் அதே வாய்க்கால் கரையில், அதே வேகத்தில், கடைசி அரை மணி நேரத்தில் எண் பத்துப் பதினைந்து ஏறி நிற்கும். ஸ்ட்ராப்பைக் குறை சொல்ல வேண்டாம். வெக்கையைத் தணிக்க உடம்பு ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, வியர்வையில் ரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைவதால் இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. எண்ணை எல்லைக்குள் வைக்க வேகத்தைக் குறையுங்கள், அல்லது பொழுது விடியும்போதே ஓடி முடித்துவிடுங்கள்.

இதயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இவை பயிற்சிக் கருவிகள், நோய் கண்டுபிடிக்கும் கருவிகள் அல்ல. ஆனாலும் பிழையையும் உண்மையையும் ஓரளவு பிரித்தறியலாம். காய்ந்த தோலாலும் சட்டையாலும் வரும் துள்ளல் ஆரம்ப நிமிடங்களில் வரும், எண் ஒரு நிலையில் நிற்காது, உடம்பில் எதுவும் தெரியாது. நன்றாக வியர்த்த பிறகு சட்டென்று 190, 200-க்குத் தாவி, நின்ற பிறகும் இறங்காமல் அங்கேயே நின்று, நெஞ்சு படபடப்போ தலைச்சுற்றலோ சேர்ந்து வந்தால் அது கருவிப் பிழை என்று ஒதுக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள், போனில் பதிவான வரைபடத்தையும் காட்டுங்கள். ஓடும்போது நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் எண் என்னவாக இருந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபிரொலால், அட்டெனலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதயம் ஏற வேண்டிய அளவு ஏறாது, மேலே போட்ட கணக்கு பொருந்தாது. முழு வாக்கியம் பேச முடிகிறதா என்ற சோதனையை வைத்துப் பயிற்சி செய்து, எல்லையை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டும்.

ஜிம் டிரெட்மில்லின் கைப்பிடித் தகடுகள் நின்று பார்க்கவும் நடக்கவும் சரி. ஓடிக்கொண்டே பிடித்தால் உளறும். போலார் எச்9, எச்10 இரண்டும் பழைய 5 கிலோஹெர்ட்ஸ் அலையையும் அனுப்பும், பல டிரெட்மில்கள் அதை நேரடியாக வாங்கித் திரையில் காட்டிவிடும். உங்கள் ஜிம் மெஷினில் இதய அடையாளத்தோடு எந்தப் பெயர் போட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கிணற்று நீச்சலுக்கும் சேர்த்து வேண்டும் என்றால் கணக்கு மாறும். புளூடூத்தும் ஏஎன்டி பிளஸ்ஸும் தண்ணீருக்குள் ஓரடிகூடப் போகாது. நினைவகம் உள்ள எச்10-ஐயோ நீச்சல் கண்ணாடியின் பட்டையில் மாட்டக்கூடிய வெரிட்டி சென்ஸையோ வாங்கி, கரையேறிய பிறகு போனில் இறக்கிப் பார்க்க வேண்டும். மேட்டில் இருந்து குதித்தால் செஸ்ட் ஸ்ட்ராப் இடுப்புக்கு இறங்கிவிடும். குதிக்கிறவர்களுக்குக் கண்ணாடியில் மாட்டுவதே நிற்கும்.